மார்ச் மாதக் கைதட்டல்

...இன்னும் அவரிடம் கேட்கவில்லை, வெந்நீர்க் குடுவை பாதி காலியாகிவிட்டது, மாத்தே இலைக் கஷாயத்தை ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம், வாயைத் திறந்தால் காற்றைப் பற்றித்தான் பேச்சு வருகிறது, தெற்கிலிருந்து வீசுகிறது பார்த்தீர்களா மில்டன் என்கிறேன், ஆமாம் நீபியா, தெற்கேதான் என்கிறார் அவரும், இந்த வயதில் இரண்டு பேர் கடற்கரையில் உட்கார்ந்து திசை சொல்லிக்கொண்டிருக்கிறோம், வெட்கக்கேடு. நாளைக் காலையில் அவர் பேருந்து ஏறிவிடுவார், மொந்தேவிதேயோவுக்கு, மகள் வீட்டுக்கு. ஜனவரிக்கு மட்டும் என்று சொல்லித்தான் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள அறையை வாடகைக்கு எடுத்தார், மனைவியை இழந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், ஒரு பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி, அவ்வளவுதான் சாமான். பிறகு பிப்ரவரியும் இருக்கட்டும் என்றார், பிறகு இந்த வாரம் மட்டும், இந்த ஞாயிறு மட்டும் என்று மார்ச்சையும் ஓட்டிவிட்டார், நானும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் போய்விடுவாரோ என்று... இப்போது மார்ச்சும் முடிகிறது, எங்கள் தென்கோடி நாட்டில் கோடையும் அதோடு முடிகிறது, இதற்கு மேல் இழுக்க அவரிடமும் சாக்கு இல்லை.

கோடை போவதில் எனக்கு எப்போதும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஜனவரியில் என் முடிதிருத்தும் கடையில் மூச்சு விட நேரமிருக்காது, தலைக்குத் தலை மணல், வெளியூர் நாகரிகம், இப்படி வெட்டு அப்படி வெட்டு, அப்புறம் ஒருநாள் கார்களில் குடைகளைக் கட்டிக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள், ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்துவிடுவார்கள், உயிர்காப்பாளரின் உயர நாற்காலியை வண்டியில் ஏற்றிவிடுவார்கள், ஊர் எங்கள் கைக்குத் திரும்பி வரும். தண்ணீர் இப்போதுதான் நன்றாக வெதுவெதுப்பாக இருக்கிறது, காற்றுதான் குளிர்கிறது, வெயில் கண்ணைக் குத்தாமல் தோளில் கை போட்ட மாதிரி விழுகிறது, யார் வீட்டிலோ முதல் விறகு எரிகிற வாசனை வேறு, எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான். மற்ற வருடங்களில் இந்நேரம் காலை நீட்டிப் படுத்து நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். இந்த வருடம் மட்டும் ஏன் இப்படிக் காற்றுக்குத் திசை சொல்லிக்கொண்டு... ஏன் என்று தெரியாதா எனக்கு, நன்றாகத் தெரியும்.

அந்த விறகு விஷயத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நேற்று விறகுக்காரர் லாரியோடு வந்து, "வழக்கம்போலத்தானே நீபியா அக்கா?" என்றார், நான் ஆமாம் என்றுதான் சொல்லப்போனேன், "ரெண்டு பங்கா போடுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அடுக்கியது யார்? மில்டனேதான், முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு. "ஏங்க நீபியா, குளிர் காயப் போறீங்களா, ஊரைக் கொளுத்தப் போறீங்களா? ஒரு ஆளுக்கு இவ்வளவா?" "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தியாம், சொல்றாங்க." "யாரு சொல்றாங்க?" "சொல்றாங்க, அவ்வளவுதான், நீங்க அடுக்குங்க." அப்போதே சொல்லியிருக்கலாம், பாதி உங்களுக்குத்தான் என்று. அவருக்குப் புரிந்திருக்குமோ? புரிந்தும் சும்மா இருந்தாரோ, இல்லை, மனிதர் வெறும் விறகைத்தான் பார்த்தாரோ...

சரி, இப்போது கேட்டுவிடலாம் என்று மூச்சை இழுத்தேன், அப்போதுதான் அந்தப் பெண் குழந்தை வந்து நின்றாள், கையில் பிளாஸ்டிக் வாளி, மூக்கு ஒழுகுகிறது, அம்மாவைக் காணோமாம். பேர் ரெனாத்தாவாம். மில்டன் எழுந்தார், "ஏறிக்கோ ரெனாத்தா, வண்டி கிளம்புது, கம்பியைப் பிடிச்சுக்கோ" என்று தன் காதுகளைக் காட்டித் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார், நான் கைதட்ட ஆரம்பித்தேன், கடற்கரையில் குழந்தை தொலைந்தால் இங்கே அதுதான் வழக்கம். ஜனவரியாக இருந்தால் ஒருவர் தட்டினால் போதும், பக்கத்துக் குடை தட்டும், அதற்கடுத்த குடை தட்டும், கடற்கரை முழுக்க மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஓசை கூடவே நடந்து வரும், எங்கிருந்தாவது ஒரு அம்மா அலறிக்கொண்டு ஓடி வருவாள், அதுவரை ஒருவரும் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தக் கூடாது. இப்போது யார் இருக்கிறார்கள்? மில்டனின் கைகள் குழந்தையின் காலைப் பிடித்திருக்கின்றன, மிச்சம் என் கை மட்டும்தான், ஆளில்லாத மணலில் டப் டப் என்று, கோமாளி மாதிரி. "பலமா தட்டுங்க நீபியா, கொசு அடிக்கிற மாதிரி இருக்கு!" "நீங்க ஒழுங்கா ஓட்டுங்க, டிரைவர்!" ரெனாத்தா அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தார், கழியை மணலில் குத்தி நிறுத்திவிட்டு அவரும் தட்டினார், நான்கு கைகள், அதுவே எனக்குப் பெரிய கூட்டமாகத் தோன்றியது, சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து அம்மா ஓடி வந்தாள், "எங்கடி போனே, உசுரே போச்சுடி எனக்கு!" என்று அடிக்கக் கை ஓங்கி முத்தம் கொடுத்தாள், எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள், குழந்தையை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

கைதட்டல் நின்றதும் அலைச் சத்தம் மட்டும். உள்ளங்கை எரிகிறது. மில்டன் தோளைத் தேய்த்துக்கொண்டார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி, பிறகு, "சரிங்க, பெட்டி கட்டணும், நான் முன்னால போறேன்" என்று நாற்காலியை மடக்கினார். போங்க என்றேன். போங்க என்றா சொன்னேன்? அடி மக்கு நீபியா, ஊரார் தலையெல்லாம் உன் கையில் இருக்கும்போது வாய் ஓயாது, இப்போது எங்கே போயிற்று அந்த வாய்? அவர் போகிறார், சுருட்டிவிட்ட கால்சட்டை, கணுக்காலில் ஒட்டிய மணல், கோடை முழுவதும் வெயில் பட்டுக் கறுத்த கழுத்து, சிறியதாகிக்கொண்டே... வாய்தான் வராது, கை வரும், கை எழுந்துவிட்டது, தட்டுகிறேன், பலமாக, கொசு அடிக்கிற மாதிரி இல்லை. அவர் திரும்பினார்.

"இப்ப யாருங்க தொலைஞ்சுபோனது?"

யாரென்று சொல்வது, நீங்களா நானா, எனக்கே இன்னும் தெளிவாகவில்லை, ஒன்று மட்டும் தெரிகிறது, உரியவர் வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது. அவர் கண் மணலெங்கும் குழந்தையைத் தேடியது, பிறகு தேடுவதை விட்டுவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார், நாற்காலி இன்னும் தோளில். தூண்டில்காரர் யார் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை, கழியை மறுபடியும் மணலில் குத்திவிட்டு, அவரும் தட்டத் தொடங்கினார்.