தூக்காமல் விட்ட சக்கரம்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். பழைய பேருந்தை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் எந்த கியர்பாக்ஸைப் போடுகிறார்கள், பின் அச்சின் விகிதத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். மாய்ந்து மாய்ந்து எழுதி அனுப்பினேன். ஆசிரியர் படித்துவிட்டு, எல்லாம் சரிதான், வண்டிக்குள் ஒரு ஆளைக்கூடக் காணோமே என்றார். நியாயம்தான். காலி பஸ்ஸை வேடிக்கை பார்க்க யார் நிற்பார்கள்?

ஆகவே ஆள் ஏற்றுகிறேன். மூன்றே பேர். அதற்கு மேல் ஏற்றினால் எனக்குச் சமாளிக்க வராது.

தொடக்கம்: "வெயிலில் அந்தப் பேருந்து ஒரு கிழட்டு யானையைப் போல..." வேண்டாம். பஸ்ஸை யானை என்று எழுதாதவன் நான் ஒருவன்தான் பாக்கி. அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

இன்னொரு தொடக்கம்: "எக்ஸ்பிரஸ் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஓட்டுநருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்தபோது..." இது ஓடும். இதிலேயே ஏறிக்கொள்வோம்.

2.

எக்ஸ்பிரஸ் முப்பது வருஷம் தூரத்து ஊர்களுக்கு பஸ் ஓட்டியவர். நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டு, வராத நேரத்துக்காகக் காத்திருக்கிற ஆள். அதனால் வந்த பெயர். முழங்காலைச் சரிசெய்த டாக்டர், நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் பெரிய வண்டியின் கிளட்சை மட்டும் மிதிக்கக் கூடாது, மீறினால் அந்தக் கால் மறுபடி நேராகாது என்று சொல்லிவிட்டார். மனுஷர் வெளியே வந்து மனைவியிடம், "எல்லாம் பக்கா. பழையபடி ஓட்டலாம்னுட்டாரு" என்றார்.

மனைவி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தையற்கடை வைத்திருப்பவர், டெய்லரம்மா என்றால்தான் தெருவுக்கே தெரியும்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் இரண்டு பக்கத்துக்குச் சண்டை போட்டார்கள். எழுதி முடித்துப் படித்தால் டெய்லரம்மா மாதிரியே இல்லை. துணியை இழுத்துப் பிடித்து வெட்டினால் கோணும் என்று தெரிந்த கை அது. சண்டையைக் கிழித்துப் போட்டேன்.)

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அதை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார், பஸ் வாங்கலாமா என்று பேச்சு வந்த அன்றைக்கு.

"ஊரையே ஏத்திக்கிட்டுப் போனீங்க. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு ஊருக்காவது போயிருக்கீங்களா?"

மறுவாரமே பஸ் வந்துவிட்டது. மலைப்பாதையில் ஓடித் தேய்ந்த கிழம். கியர்பாக்ஸில் பல் போயிருந்தது. இவர் துரு சுரண்டினார், அந்த அம்மா திரையும் மெத்தை உறையும் தைத்தார். புருஷன் நச்சரித்ததில் பெரிய வண்டி ஓட்ட லைசென்ஸும் எடுத்திருந்தார், ஏதோ லேசான கிளட்ச் உள்ள வண்டியில் ஓட்டிக் காட்டி. இந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்தபோதுதான் வந்தது வினை. கொஞ்சம் குள்ளம் அவர். கிளட்ச் எட்ட வேண்டுமானால் சீட்டை விட்டுப் பாதி இறங்க வேண்டும். இறங்கினால் ரோடு தெரியாது. சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். எக்ஸ்பிரஸ் அன்று சிரிக்கவில்லை.

பஸ்ஸை விட்டிருந்த பட்டறையில் இரண்டு கியர்பாக்ஸ் கிடந்தன. ஒன்று ஐந்து கியர் போடும் சாதாரணம். கிளட்ச் மேல் ஏறி நிற்காத குறையாக மிதிக்க வேண்டும். மற்றது ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டியிலிருந்து கழற்றிய ஆட்டோமேட்டிக். கிளட்ச் என்ற பேச்சே இல்லை. ஆட்டோமேட்டிக் போடலாமே என்று டெய்லரம்மா மெல்ல எடுத்துக்கொடுத்ததற்கு, அதை ஓட்டுவதற்குப் பேசாமல் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார் எக்ஸ்பிரஸ்.

இவ்வளவுதான் கதையின் முடிச்சு. சாதாரணத்தைப் போட்டால் கால் போகும். ஆட்டோமேட்டிக்கைப் போடச் சொன்னால், உன் கால் போய்விட்டது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும்.

3.

(கட்டுரையில் மிச்சமானது. வீணாக்க மனசு வரவில்லை.)

பின் அச்சின் நடுவில் ஒரு இரும்புக் கூடு உண்டு. எஞ்சின் பக்கமிருந்து வரும் நீளத் தண்டு எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும் என்பதை அதற்குள்ளிருக்கும் பற்சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. அதுதான் விகிதம். ஆறரை என்றால் மலைவண்டி: எந்த ஏற்றத்திலும் முனகாமல் கிளம்பும், ஆனால் சமவெளியில் அறுபதைத் தொட்டாலே எஞ்சின் ஊரைக் கூட்டும். நாலு என்றால் சமவெளி வண்டி: தொண்ணூறில் சத்தமில்லாமல் போகும், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் கிளட்சைப் பாதி மிதித்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்கான கூலியை இடது கால் கொடுக்கும். ஆட்டோமேட்டிக் அதே வேலையை எண்ணெயை வைத்துச் செய்துவிடுகிறது. எனவே அச்சைத் தெரிந்துகொள்ளாமல் கியர்பாக்ஸில் கைவைப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

விகிதம் பொறித்த தகடு துருப்பிடித்துப் படிக்க முடியவில்லை என்றால்? வண்டியைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றி, தண்டின் சுற்றை எண்ண வேண்டும்.*

* தூக்குவதானால் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சேர்த்துச் சுற்ற வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கி, மற்றது தரையில் நின்றால், எண்ணிக்கை பாதிதான் வரும். வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்திருக்கிறார்கள் அல்லவா, அதன் விளைவு இது. பஸ்ஸோடு பிழைத்தவர்கள் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் குறிப்பைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

4.

பட்டறைக்காரரை கிரவுன் என்பார்கள். அச்சுக் கூட்டுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரத்துக்கு கிரவுன் என்று பெயர், அதில் கைதேர்ந்தவர். அன்று காலை அவர் லேத் பட்டறைக்குப் போயிருந்தார். இந்த பஸ்ஸிலும் தகடு துருதான்; அவர் வருவதற்குள் எண்ணிவிடலாம் என்று எக்ஸ்பிரஸ் ஜாக்கியை எடுத்து வைத்தார்.

இடது பின்சக்கரம் மேலே வந்தது. வலது சக்கரம் தரையிலேயே நின்றது.

சக்கரத்திலும் தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எக்ஸ்பிரஸ் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார். டெய்லரம்மா சக்கரத்தைச் சுற்றினார். கோடு பழைய இடத்துக்கு வந்ததும் அடியிலிருந்து குரல் வந்தது.

"மூணேகால்!"

டெய்லரம்மா வலது சக்கரத்தைப் பார்த்தார். ஓட்டுநர் சீட்டுக்கு உறை அளவெடுக்க வந்த அன்றைக்கு, கிரவுன் வேறொரு வண்டியை இரண்டு ஜாக்கியில் ஏற்றிவைத்துக்கொண்டு, ஒண்ணைத் தூக்கினா பாதிக்கணக்குதான்க்கா வரும் என்று பேச்சுவாக்கில் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. வாய் திறந்தார். சரியாக எண்ணினீர்களா என்று மட்டும் கேட்டார். முப்பது வருஷ சர்வீஸ் என்று பதில் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கிரவுன் வந்தார். ஜாக்கியைப் பார்த்தார். தரையில் நிற்கும் சக்கரத்தைப் பார்த்தார். எண்ணைக் கேட்டார். மூணேகால்! நான் தேடியவரை, அந்தக் காலத்து பஸ் எதுவும் இந்த விகிதத்தோடு பிறந்ததில்லை. அது காருக்கு வைக்கிற கணக்கு. கிரவுன் டெய்லரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை வெகுநேரம் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணேகால்னா கிளட்ச் வண்டி ஏத்தத்துல எடுக்காதுண்ணே. யாரு மிதிச்சாலும் எடுக்காது. ஆட்டோமேட்டிக்தான் போட்டாகணும்."

யாரு மிதிச்சாலும். நானாக யோசித்திருந்தால் இந்த வார்த்தை எனக்குச் சத்தியமாக வந்திருக்காது.

எக்ஸ்பிரஸ் தாடையைச் சொறிந்தார். "வண்டி கேக்குதுன்னா போட்டுத்தானே ஆகணும்" என்றார்.

5.

இங்கே எழுத்தை நிறுத்திவிட்டுப் பல நாள் சும்மா இருந்தேன். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில் குழப்பம்.

டெய்லரம்மாவுக்குத் தெரியும். அவர் பேசாமல் இருந்தது புருஷன் காலுக்காக. அதில் சந்தேகமே இல்லை. கிரவுனுக்கும் தெரியும். விகிதத்தைத் தப்பாகச் சொன்னால் தொழில்பெயர் கெடும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, நல்ல மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு முழு பஸ்ஸையே மறைத்தார்கள். நினைக்க நினைக்க எனக்கு இவர்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

சிக்கல் மூன்றாவது ஆள்தான். "முப்பது வருஷம் பஸ்ஸோடு கிடந்த எக்ஸ்பிரஸுக்கு மட்டும் இது தெரியாமல் போனது, யானைக்கும் அடி சறுக்கும் என்பதால்..." என்று எழுதினேன். பேனா நகரவில்லை. யானையை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், பழமொழியில் ஏறிக்கொண்டு வந்துவிட்டது பாருங்கள். அடித்துவிட்டேன்.

6.

பஸ் கிளம்பியது. மலையடிவாரம் வரை கிரவுன் கூட வந்தார். மூணேகால் விகிதத்தில் ஓடுகிற வண்டி நூறைத் தாண்டியும் முணுமுணுக்கத்தான் செய்யும். இது அறுபதில் அலறியது. மூன்று பேர் காதும் நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் செட் ஆகணும்ல என்றார் கிரவுன். ஆமாமா, செட் ஆகணும் என்றார் எக்ஸ்பிரஸ். டெய்லரம்மா திரையைச் சரிசெய்தார்.

கிரவுன் இறங்கிக்கொண்டபின், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. இடது காலை நீட்டிவைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் ஓட்டினார். உச்சியில், பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் நிறுத்தினார். சக்கரத்துக்கு அணைகொடுக்கக் கட்டை எடுக்கலாம் என்று டெய்லரம்மா கருவிப்பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஜாக்கி இரண்டு இருந்தன. ஒரே அளவு, ஒரே பெயின்ட். இரண்டும் திரைத்துணி மிச்சத்தில் சுற்றிவைக்கப்பட்டிருந்தன. அந்தத் துண்டுகளை ஜாக்கிக்குச் சுற்ற வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் கேட்டு வாங்கியது, அச்சை எண்ணிய நாளுக்கு ரொம்ப முன்னால்.

டெய்லரம்மா பெட்டியை மூடினார். நிமிர்ந்து பார்த்தால் எக்ஸ்பிரஸ் ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இனிமே நீ ஓட்டு. எட்டாத கிளட்ச்தான் இல்லையே இப்ப."

டெய்லரம்மா புருஷன் காலுக்காக வாயை மூடினார். அவர் இந்த அம்மாவின் எட்டாத காலுக்காகச் சக்கரத்தைத் தூக்காமல் விட்டார். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

7.

எக்ஸ்பிரஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். உறையைத் தடவிப் பார்த்து, யார் தைத்தது, நன்றாக இருக்கிறதே என்கிறார். டெய்லரம்மா சீட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறார், ரோடு தெரிகிறது. பிரேக்கை விடுகிறார்.

ஜாக்கியைப் பற்றிக் கேட்பாரா? ஒரு பிரதியில் கேட்டார், எக்ஸ்பிரஸ் அழுதார், எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றில் கடைசிவரை கேட்கவில்லை. அதுவும் சரிப்படவில்லை. இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து முடிவு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் இந்த வளைவில் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் கூடப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவர் கேட்பதாக இருந்தால் கத்தித்தான் கேட்க வேண்டும். ஆறரை விகிதம், எஞ்சின் அலறிக்கொண்டிருக்கிறது.