எழுதியவர்: கமருன்னிசா

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. கமருன்னிசா என்ற பெயர் வந்த இடமெல்லாம் அடித்துவிட்டு, ‘ஆசிரியர் பெயர் தெரியாத நாட்டுப்புற நாடகம்’ என்று போடச் சொல்லியிருந்தார் பேராசிரியை.

நாஜியாவுக்குச் சுருக்கென்றது. யாங்கோனின் தமிழ் நாடகங்களைப் பற்றித்தான் அவள் முதுகலைப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கமருன்னிசா அந்நகரின் ஷ்வேப்யிதா பகுதியில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இன்னொரு பகுதியான தாகேதாவில் மேடையேறிய அவருடைய நாடகம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது.

நேரே பேராசிரியையின் அறைக்குப் போய்ப் பர்மிய மொழியில் கேட்டாள்.

“பேரு தெரியாதுன்னு எப்படி எழுதுறது, சயாமா? போன ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுலதான் சாப்பிட்டேன்.”

“அச்சுல வரல. பக்க எண்கூடக் கிடையாது. எதை வச்சு மேற்கோள் காட்டுவே?”

“பெரிய நாடகாசிரியர்களுக்கு அங்கம், காட்சி, வரின்னுதானே போடுறோம்? இவங்களுக்கும் அதையே போடுறேன்.”

“தேர்வாளர்கள் ஒத்துக்க மாட்டாங்க. பட்டம் தள்ளிப்போகும்.”

“போகட்டும்.”

மறு ஞாயிறு ஷ்வேப்யிதா பஸ் ஏறினாள். விஷயத்தைக் கேட்டுக் கமருன்னிசா கொதித்துப்போனார்.

“அன்னைக்கு நாடகம் போட்டப்ப நோட்டீசுலயும் ‘தொழிலாளர்கள் வழங்கும்’னு மட்டும் போட்டானுவ. எழுதுனது நானு. பேரைப் போடு புள்ள!”

இருவரும் தரையில் உட்கார்ந்து நோட்டில் வரிக்கு வரி எண் போட்டார்கள். நடுவில் ஒரு வசனம் பிடிக்காமல் கமருன்னிசா பென்சிலை எடுத்தார்.

“லாத்தா, கை வைக்காதீங்க! மேடையில பேசுனதுதான் இருக்கணும்.”

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். “இந்த நாடகத்தை நாங்க எங்க போய்ப் பாக்குறது?” என்றார் ஒருவர். பர்மிய மொழிபெயர்ப்போடு நகலெடுத்த பிரதியை ஆளுக்கொன்றாக நாஜியா மேசையில் வைத்தாள்.

“ரெண்டாம் அங்கம், நாலாம் காட்சி, பதினேழாம் வரி. பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தார்கள். பிரித்தவர்கள் அந்த வரியோடு நிறுத்தவில்லை. காட்சி முடியும்வரை படித்தார்கள். பிறகு, நாடகம் முழுவதையும் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். பட்டம் அரை ஆண்டு தள்ளிப்போனது. பெயர் நின்றது.

கட்டி முடித்த ஆய்வேட்டைக் கமருன்னிசா மடியில் வைத்துத் தன் பெயரை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் பின்னிணைப்பைப் புரட்டியவர் புருவத்தைச் சுருக்கினார்.

“என்ன புள்ள, மூணாம் அங்கத்துல ஒரு வரியை விட்டுட்டியே?”