அரை இஞ்ச் இறங்கிய தோள்

கடைக்கு வந்தவள் என் கூடப் பிறந்த அக்காவாம். கைக்குழந்தையாக என்னைத் தத்துக் கொடுத்த வீட்டிலிருந்து, முப்பது வருஷம் கழித்து வந்திருக்கிறாள். தையல்காரி நான், பேச்சையெல்லாம் நம்புகிறவள் இல்லை. டேப்பை எடுத்து அவள் தோளை அளந்தேன். என்னைப் போலவே இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கம். அதை மறைக்கத்தான் என் சட்டைகளுக்கெல்லாம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்கிறேன்.

"அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

"என் அம்மா உள்ள பட்டன் தைச்சுக்கிட்டு இருக்காங்க. பெத்தவங்களுக்குப் பார்க்கணும்னா இங்க வரட்டும். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்ற ஆள் நான் இல்ல."

அவள் முகம் தொங்கிப்போய் எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? உட்காருக்கா. ரெண்டு பேருக்கும் சட்டை தைக்கிறேன். பஞ்சு வைக்க மாட்டேன். நம்ம தோள் இப்படித்தான்னு ஊரே பார்க்கட்டும்."