இருபத்திரண்டு வயதுத் தாத்தா

நாடகக் குழுவில் அவருக்குத் 'தாத்தா' என்று பெயர் விழுந்தபோது வயது இருபத்திரண்டுதான். அன்று தாத்தா வேடக்காரர் நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன்பு படியில் இடறிக் காலை உடைத்துக்கொண்டார். திரை இழுக்கும் வேலையில் இருந்த இவருக்கு எல்லோருடைய வசனமும் தலைகீழ்ப் பாடம். குரலும் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கனமாக இருக்கும். தலையில் பவுடரைக் கொட்டி, கையில் தடியைக் கொடுத்து மேடைக்குள் தள்ளிவிட்டார்கள். அன்று வளைந்த முதுகு அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு எந்த வேடத்திலும் நிமிரவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, நாடகம் பார்த்த ஒரு கணக்கு டீச்சர் பாராட்டுவதற்காக மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"உக்காருங்க பெரியவரே, இந்த வயசுல எவ்வளவு நேரம் நிப்பீங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்கார்ந்து ஒட்டுமீசையைப் பிய்த்தார். பவுடரைத் துடைத்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, நான் பெரியவராவே இருந்திருக்கலாமா?" என்றார் அவர்.

"அந்த நாற்காலியை இப்படிக் குடுங்க. எனக்குத்தான் தலை சுத்துது."

மறு வருஷம் கல்யாணம்.

சினிமாவும் அவரைத் தாத்தாவாகத்தான் கூப்பிட்டது. தன்னைவிட ஒன்பது வயது மூத்த கதாநாயகனுக்கு அப்பாவாக நடித்தார். படப்பிடிப்பு இடைவேளையிலும் அந்தக் கதாநாயகன், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று வம்புக்கு இழுப்பார். "ஆச்சுடா மகனே, நீ பல் செட்டை மாட்டிக்கிட்டு வந்து உக்காரு" என்பார் இவர். வேலைக்குக் குறைவில்லை. மகளைப் படிக்கவைத்தார், இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்கினார்.

அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு பெண் இயக்குநர் வந்தாள். "மேக்கப்பே வேண்டாம் சார். அப்படியே வாங்க" என்றாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வேடம். மகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர், நான்கு வருஷம் கழித்து அவளைப் பார்க்க மூன்று மாடி ஏறிப் போக வேண்டும்.

அவர் முதுகை வளைத்தார், கையை நடுங்கவிட்டார், படிக்கு ஒரு தடவை இருமினார்.

"கட். சார், கிழவர் மாதிரி நடிக்கிறீங்க."

"கிழவர்தானேம்மா?"

"கிழவர்தான். ஆனா நடிக்கிறீங்களே."

ஏழு தடவை எடுத்தும் சரிவரவில்லை. மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆயுசு முழுக்கச் சோறு போட்ட வித்தை இப்படிக் கைவிட்டதே என்று அவர் இடிந்துபோய் வீடு திரும்பினார். மனைவி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கீழ்வீட்டுக்காரர் வாசல்ல நின்னா நீங்க எப்படி ஏறுவீங்க? நெஞ்சை நிமித்திக்கிட்டு, ரெண்டு ரெண்டு படியா. திருப்பம் தாண்டினதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவீங்க. எந்தக் கிழவன் கிழவன் மாதிரி நடக்கிறான்?"

"வேவு பாத்திருக்கியே!"

"முப்பத்தெட்டு வருஷமா டிக்கெட் இல்லாம பாக்கிறேன்."

மறுநாள் அவர் விறுவிறுவென்று ஏறினார். எதிரே இறங்கி வந்த பெண்ணுக்குச் சிரிப்போடு வழிவிட்டார். அவள் போனதும் கைப்பிடியில் சாய்ந்து கண்ணை மூடினார். மூன்றாம் மாடியில் முகத்தைத் துடைத்து, தலை சீவி, மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மணியை அழுத்தினார்.

"இது எங்கேருந்து வந்துச்சு சார்?" என்றாள் இயக்குநர்.

"வீட்டுல ஒரு டைரக்டர் இருக்காங்கம்மா."

படம் மூன்று வாரம்தான் ஓடியது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு நீதிபதி, ஒரு குமாஸ்தா என்று புதுப்புது வேடங்கள் வீடு தேடி வந்தன. இப்போது ஊரையே ஏமாற்றும் ஒரு பலே பேர்வழியாக நடித்துக்கொண்டிருக்கிறார். காலை ஆறு மணிக்குத்தான் கார் வரும். ஐந்தரைக்கே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.