துவைக்காத துண்டு

குட்டியப்பா கூடத்தில் கண்ணை மூடிக் கிடக்க, அவர் மனைவி பின்கட்டில் அவருடைய வேலைக் கோட்டைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மனுஷன் காலையிலதான் போய்ச் சேந்திருக்காரு. இப்பத்தான் துணி துவைக்கணுமா?" என்றாள் அவளுடைய அக்கா.

"நாலு பேர் வந்து போற வீடு. ஆட்டு நாத்தம் அடிச்சா என்னைத்தானேக்கா சொல்லுவாங்க?"

அழுகை இன்னும் வரவில்லை. வருகிறவரை கைக்கு ஏதாவது வேலை வேண்டாமா?

அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆடு பார்த்தவர். மாதம் நிறையாமல் பிறந்த ஆட்டுக்குட்டிக்கு நுரையீரல் சரியாக விரியாது. மூச்சோடு ஒரு வாயுவைத் துளித்துளியாய்க் கலந்து கொடுத்து, எவ்வளவில் பிழைக்கிறது என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். குட்டிக்குப் பலித்தால் நாளை குறைமாதக் குழந்தைக்கு. பிழைத்த குட்டிக்குப் பால் புகட்டுவது இவர் பாடு. அப்படிக் கொஞ்சுவார், அதனால்தான் குட்டியப்பா. பெண்டாட்டியைக் கொஞ்சியதாகச் சரித்திரமே கிடையாது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் வாசலில் கால் வைத்ததுமே "அங்கயே கழட்டுங்க!" என்பாள். அந்த நாற்றத்தோடு மல்லுக்கட்டி அவள் கரைத்த சோப்பில் ஒரு வீடே கட்டலாம்.

கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்தால், ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுது முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, கேக்கவே கூச்சமா இருக்கு. அவர் கோட்டு கிடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"ஒரு குட்டி நேத்துத்தான் மெஷினை விட்டுத் தானா மூச்சு விட்டுது. இவ்வளவு குறைமாசத்துல பொறந்து பிழைச்சது அது ஒண்ணுதான். காலையிலேர்ந்து ஒரு சொட்டுப் பால் குடிக்கல. அவர் வாசனை பட்டாத்தான் வாயைத் திறக்கும். இன்னைக்குக் குடிக்கலேன்னா தாங்காதும்மா."

அவள் கொடியைப் பார்த்தாள். கோட்டு பளிச்சென்று சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, பாவி! துவைச்சுத் தொலைச்சுட்டேனே!"

அக்காவும் தங்கையும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். சட்டை, போர்வை, தலையணை உறை, எதை முகர்ந்தாலும் சோப்பு. "செருப்பைக்கூடவாடி கழுவி வெப்ப?" என்றாள் அக்கா. துக்கம் கேட்க வந்தவர்கள், பாவம், துணியை முகர்ந்து முகர்ந்து தவிக்கிறார்களே என்று தாங்களும் விம்மினார்கள்.

வெறும் தலையணையோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் வாசனை இந்த வீட்டில் எங்கேயும் இல்லை. போக்கியது அவளேதான். அப்போதுதான் வந்தது அழுகை. தலையணையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பாதி அழுகையில் சட்டென்று நிறுத்தினாள். "அவரு ஸ்கூட்டரு!"

ஸீட்டுக்கு அடியில், அவள் கண்ணில் படாமல் சுருட்டித் திணித்திருந்தார் ஒரு துண்டை. பிரித்ததும் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. "திருட்டு மனுஷா!" என்று அவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கையை நீட்டினாள். துண்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் விளிம்பைப் பல்லால் கடித்து, நடுவில் கிழித்து, பாதியைக் கொடுத்தாள்.

"ஓடு. குடிச்சுதுன்னா ஒரு போன் பண்ணு."

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு போன் வந்தது. "குடிச்சுடுச்சும்மா. புட்டியை விடவே மாட்டேங்குது."

"மெதுவா குடிக்கச் சொல்லு," என்று வைத்தாள்.

பின்கட்டில் அக்கா வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "அழுக்குத் துணி இருந்தா எல்லாத்தையும் கொண்டா. ஒரேயடியா அலசிடலாம்."

"ஒண்ணும் இல்லக்கா," என்றாள் அவள். சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், பாதித் துண்டைச் சுருட்டி ஸ்கூட்டர் ஸீட்டுக்கு அடியில் திணித்துப் பூட்டினாள்.