இல்லாத தையல் மெஷின்

அன்றைக்குக் காலை ஒன்பது மணி வரை அவள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. ஒன்பதுக்கு மேல், அதே ரொட்டிக்கடைக்காரருக்குத் தேர்வு வைக்கும் கராத்தே மாஸ்டர்.

மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் உள்ள கூடத்தில் அவள் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். கணவர் வந்து சேர்ந்தது நாற்பத்திரண்டு வயதில். "மாவு பிசையற கைக்குக் குத்து வராதா என்ன?" என்று சிரித்துக்கொண்டே வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்ட மனிதர், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று நாலு வருஷத்தில் ஒரு படியும் விடாமல் ஏறி வந்திருந்தார். கூடத்துக்குள் அவளை வார்த்தைக்கு வார்த்தை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுப் படி ஏறிய பிறகுதான் "ஏம்மா, டீ இருக்கா?"

இன்று பழுப்பு பெல்ட். அதற்கு மேல் கறுப்பு ஒன்றுதான் பாக்கி. எட்டாம் வகுப்போடு அப்பாவின் அடுப்பு முன்னால் வந்து நின்றவருக்குப் பள்ளிக்கூடத்தில் தேறிய ஞாபகமே கிடையாது. இந்தத் தேர்வோ வருஷத்துக்கு ஒரு முறைதான். ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தார்.

தேர்வில் கடைசி, கட்டா. கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு தனியாளாகச் சண்டை போடும் அடிவரிசை அது. எத்தனை திருப்பம் திரும்பினாலும், சாக்பீஸால் போட்ட குறியில் தொடங்கி அதே குறியில் வந்து நிற்க வேண்டும். அடி ஒன்று பிசகினாலும் கால் வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்திவிடும். பொய் சொல்லவே முடியாத பரீட்சை.

அவர் தொடங்கினார். ஒவ்வொரு குத்தும் அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டி மாதிரி பதமாக விழுந்தது. அவளுக்கு மனசு பூரித்தது. மூன்றாவது திருப்பத்தில் திடீரென்று இடுப்பை ஒடித்து, ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ சுற்றிக்கொண்டு போனார்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டில் பழக இருக்கிற ஒரே இடம் முன்னறை. அங்கே நடுவில் மாமியாரின் தையல் மெஷின். மதியம் கடை மூடிய நேரத்தில் ஒரு வருஷமாக அவர் அதைச் சுற்றிச் சுற்றியே பழகியிருந்தார். கூடத்துப் பயிற்சியில் ஒருநாளும் வராத தப்பு. இன்றைய பதற்றத்தில் கால் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டது. கட்டா முடிந்தபோது அவர் குறிக்கு ஒன்றரை அடி தள்ளி நின்றார்.

இணைத் தேர்வாளராக வெளியூரிலிருந்து வந்திருந்த வெள்ளைமீசை மாஸ்டர் அவள் பக்கம் சாய்ந்தார். "ஒன்றரை அடிதானேம்மா? நாலு வருஷ உழைப்பு. உன் வீட்டுக்காரர் வேற. நீ சரின்னா நானும் சரின்னு எழுதிடறேன்."

வரிசையில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி நின்றிருந்தாள். போன வருஷம் ஒரே ஒரு அடி தள்ளி நின்றதற்காக அவளுக்கு 'இல்லை' என்று எழுதியது இதே பேனா. முகம் கோணாமல் போய், மறுபடி ஒரு வருஷம் பழகி, இன்று குறியின் மேல் ஆணி அடித்த மாதிரி நின்று காட்டியிருந்தாள்.

'ஆண்டவனே, ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம்னு என்னை ஆக்கிடாதே' என்று பேனாவைப் பிடித்திருந்தவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டாலும் பேனா நகரவில்லை.

அப்போது ரொட்டிக்கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"மாஸ்டர், ஒரு வார்த்தை."

"சொல்லுங்க."

"நிக்க வேண்டிய இடத்துல நான் நிக்கல. போன வருஷம் சிஸ்டருக்கு எழுதினதையே எனக்கும் எழுதிடுங்க."

வெள்ளைமீசை கண்ணாடியைக் கழற்றினார். "அது கிடக்கட்டும். நடுவுல எதையோ சுத்திக்கிட்டுப் போனியே, என்னப்பா அது?"

"எங்கம்மாவோட தையல் மெஷின், மாஸ்டர்."

கூடமே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எழுதி முடித்துவிட்டாள்.

நர்ஸுக்குப் பழுப்பு பெல்ட் கிடைத்தது. கைதட்டியதில் ரொட்டிக்கடைக்காரர் சத்தம்தான் பெரிது. கடைசி வணக்கத்துக்குப் பெல்ட் வரிசைப்படி நிற்கும்போது அவருக்கு மேலே போய் நிற்க அவள் தயங்கினாள். "அண்ணே, நீங்களே நில்லுங்க."

"நல்லா இருக்கே! சம்பாதிச்ச இடத்தை யாராவது விட்டுக்கொடுப்பாங்களா? போம்மா" என்று அவர் ஒரு எட்டு பின்வாங்கி வழிவிட்டார். சிலருக்குப் பெல்ட்டின் நிறம் இடுப்புக்கு வருமுன்பே மனசுக்கு வந்துவிடுகிறது.

வீட்டில் மாமியார் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, கட்டின புருஷனையே ஃபெயில் பண்ணிட்டு வந்திருக்கியே! ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டா என்ன குறைஞ்சுபோயிடும்?"

"அம்மா, அவ கண்ணை மூடியிருந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தப் பெல்ட்டைக் கட்டறது? முதல்ல சோத்தைப் போடு."

சாப்பிட்ட பிறகு அவள் பாத்திரம் தேய்க்க, அவர் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினார். தேய்த்த தட்டையே அவள் மறுபடி தேய்த்தாள்.

"என்னம்மா, வருத்தமா?"

"வருத்தம்தாங்க. நீங்க கை தூக்கலைன்னா என்ன எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியல."

"எனக்கும்தான் தெரியல" என்றார் அவர், அடுத்த தட்டை வாங்கிக்கொண்டே. "அதான் தூக்கினேன்."