இடப்பக்கம் வந்த மலை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து வந்தது, தப்பு என்னுடையது. "கிரிவலம் போகிறவளுக்கு இடப்பக்கம் மலை" என்று முதல் வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி சந்திரகலா, மலையடியில் வேங்கிக்காலில் வீடு கட்டிப் பத்து வருஷமாகிறது, மலை எந்தக் கைப்பக்கம் வரும் என்றுகூடவா தெரியாது என்று கேட்டாள். வலக்கைப் பக்கம்தான். வரியை அடித்தேன். போன மானம் போகட்டும், தப்பை வீணாக்குவானேன் என்று அதை அருணாதேவியின் தலையில் கட்டிவிட்டேன்.

2

அருணாதேவி யார்? "செங்கம் சாலை மாடியறையில், செம்பில் ஒளியைச் சிறைபிடிக்கும்—"

வேண்டாம், விளம்பரம் மாதிரி இருக்கிறது. கீழ்பென்னாத்தூர்க்காரி, நாற்பத்தொரு வயது. தான் எடுத்த புகைப்படத்தைச் செம்புத் தகட்டில் ஏற்றி, கரைசலில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அச்செடுப்பவள். (ஃபோட்டோகிரேவியர் என்பார்கள். வாயில் நுழையாவிட்டால் தகடு என்றே சொல்லிக்கொள்வோம்.)

ஜப்பானியர்களின் பழைய நாட்காட்டி ஆண்டை எழுபத்திரண்டாகப் பிரித்து, ஐந்தைந்து நாளுக்கும் மண்ணிலும் மரத்திலும் நடப்பதையே பெயராக வைத்தது. அதைப் படித்ததிலிருந்து இவளும் நம் ஊரை அப்படிப் பார்க்கத் தொடங்கினாள்: மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலைதான்) பூக்கும் ஐந்து நாள், மலைப்புல் காயும் ஐந்து நாள். அந்தந்த ஐந்து நாளுக்குள் தகடு முடிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். இது அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

3

மார்கழிப் பனி மலையின் இடுப்புக்கு இறங்கும் ஐந்து நாள். அதில் ஐந்தாம் நாள். மறுநாள் படங்கள் சென்னைக்குப் போக வேண்டும். பதினொரு வருஷ உழைப்புக்கு முதல் கண்காட்சி. கரைசலில் கடைசி நிமிடத்தில் பனி அவள் நினைத்ததைவிட அழகாக விழுந்திருந்தது. அச்செடுத்துப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் தசரதன் மேலே வந்தார். இருபது வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். ஈரத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதும்மா. இது எந்த ஊரு மலை?"

தகட்டில் ஏற்றும்போது பிலிமைத் திருப்பி வைக்க மறந்திருந்தாள். அச்சில் மலை இடம் வலமாக மாறி நின்றது. சென்னையில் யாருக்கும் தெரியாது, [ஆனால் ஊருக்கே தெரியும் என்று எழுதியிருந்தேன், ஒருவர் போதும்] தசரதனுக்குத் தெரியும்.

4

முடிவு ஒன்று: சாயங்காலத்துக்குள் புதுத் தகடு போடுகிறாள். மலை சரியாகிறது, அந்தப் பனி திரும்ப வரவில்லை.

முடிவு இரண்டு: அப்படியே அனுப்புகிறாள். பாராட்டு குவிகிறது, தசரதன் எதிரே வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்—

இரண்டும் பிடிக்கவில்லை. என் தப்பைச் சுமக்கிறவளைத் தவிக்கவிட எனக்கு மனசு வரவில்லை. வழி தெரியாமல் பேனாவை மூடினேன்.

வழி கண்டுபிடித்தது அவள்தான். ஜப்பானிலிருந்து வரவழைத்த, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளில் அச்செடுத்தாள். ஜன்னலருகே கொண்டுபோய்த் தாளின் முதுகைத் திருப்பினாள். மலை தன் இடத்துக்கு வந்துவிட்டது. தாளின் வழியே பார்த்ததால் பனி இன்னும் மெத்தென்று இருந்தது.

தசரதன் கிட்டே வந்தார்.

"இப்பதாம்மா நம்ம மலை. இத்தினி வருஷம் சுத்துறேன், ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல. நீங்க எங்க நின்னு எடுத்தீங்க?"

5

கண்காட்சி எப்படி நடந்தது என்று எழுதமாட்டேன். தாளை இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, இரு பக்கமும் தெரிகிற மாதிரி கூடத்தின் மத்தியில் தொங்கவிடச் சொல்லி அனுப்பினாள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

மலை வலக்கைப் பக்கம் இருக்கட்டும்.